பாதியில் நிறுத்தும் டீச்சர்

1

“முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் வருவது நூற்றி...?” என்று இழுத்து நிறுத்தினேன். கையையும் உயர்த்திக்கொண்டேன். மீதியை வகுப்பு சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் என்றால் நான் கையை இறக்குவதற்குள் “எண்பதூஊஊ” என்று கூரை அதிரும். பாரீசுக்கு வடக்கே இருக்கும் இந்தப் புறநகர்ப் பள்ளியில் பிள்ளைகள் என்னை அமைதியாகப் பார்த்தார்கள். அப்புறம் முதல் வரிசையில் இருந்த ஒரு பையன், நல்ல பிள்ளை, உதட்டை நன்றாகப் பிரித்து மெதுவாக அந்த எண்ணின் மீதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பின்னால் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “பாவம், மதாமுக்கு எண் மறந்துவிட்டது” என்று பிரெஞ்சில் சொன்னாள்.

மறக்கவில்லையம்மா, அது ஒரு கேள்வி என்று விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, அதைக் கேள்வி என்று நம்பிக்கொண்டு நிற்பதை எந்த மொழியில் விளக்குவது?

அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டே வரும்போது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அசதிதான் வந்தது. தொண்ணூற்றேழை “நாலு இருபது பதினேழு” என்று சொல்லும் மொழியில் நாள் முழுக்கக் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வருகிற யாருக்கும் அதுதான் வரும்.

ஊரில் இன்னமும் சாக்பீஸ் பிடித்துக்கொண்டிருக்கிற என் பழைய தோழிகள் படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் குற்றமில்லை.

2

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல், திண்டிவனத்தில் ஓர் உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். வீடு வளவனூர். விழுப்புரத்தில் பஸ் மாறிப் போய் வருவேன். பிள்ளைகளுக்கு நான் செலின் டீச்சர். என் கணவர் ஞானம் கண்டமங்கலத்துக்காரர். புதுச்சேரி உறவால் அவர் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. எங்கள் பக்கம் அது எப்பேர்ப்பட்ட வரன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004இல், மூன்று வயது மகள் நிவேதாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கினேன்.

என் பி.எஸ்ஸி., பி.எட். இரண்டும் இங்கே வெறும் காகிதம் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. அவற்றை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, இந்த நாட்டுப் படிப்புக்குச் சமம் என்று ஓர் அலுவலகம் சொல்ல வேண்டும். அந்த அலுவலகம் முதலில் கேட்டது பிறப்புச் சான்றிதழ். அதுவும் மூன்று மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டுமாம். நான் பிறந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுமா என்ன? வளவனூரில் இருந்து என் தம்பி அனுப்பிவைப்பதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் கூத்து நடந்த வருடங்களில் நான் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் தட்டு கழுவினேன், பிறகு பரிமாறினேன். மணி அடித்ததும் பிள்ளைகள் வகுப்புக்குப் போவார்கள், நான் மேசை துடைப்பேன். வகுப்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் துணியோடு அப்படியே நின்றுவிடுவேன்.

காகித வேலையெல்லாம் ஒருவழியாக முடிந்து, போன செப்டம்பரில்தான் கணக்கு ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடு என்று என்னைத் தற்காலிகமாக எடுத்தார்கள். ஜூன் வரைக்கும்தான் வேலை. அடுத்த வருடம் உண்டா இல்லையா என்பது ஆய்வுக்கு வரும் அதிகாரியின் அறிக்கையைப் பொறுத்தது. அறிக்கை நன்றாக இல்லையென்றால் மறுபடி உணவுக்கூடம். நாற்பத்தைந்தைத் தொடும் வயதில் இன்னொரு வாய்ப்பு வரும் என்று நான் நம்பவில்லை.

முதல் ஆய்வு நவம்பரில் நடந்தது. அறிக்கையில் என் பாட அறிவைப் பாராட்டிவிட்டுக் கீழே எழுதியிருந்தார்கள்: நிறையக் கேட்கிறார், பதிலுக்குக் காத்திருப்பதில்லை, பெரும்பாலும் அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். மார்ச்சில் மறுபடியும் வருவார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. உங்களிடம் சொன்னால் என்ன, கோபம்தான் வந்தது. அறுபது எழுபது பிள்ளைகள் அடைந்திருந்த வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் டிசம்பருக்குள் பாதிப் பாடம்கூட முடியாது. எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது எந்தப் பெஞ்சு வெறும் வாயை அசைக்கிறது என்று என் காதுக்குத் தெரியும். சத்தம் எங்கே மெலிகிறதோ அங்கே போய் நிற்பேன். நான் நிற்பதைப் பார்த்ததும் அந்தப் பெஞ்சு விழித்துக்கொள்ளும். அது எங்கள் வழி, அந்தக் கூட்டத்துக்கு அது சரியான வழி. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இங்கே இருப்பது கூட்டம் இல்லை. இங்கே ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக மௌனமாக இருக்கிறது, அந்த மௌனத்தைக் கேட்க என் காதுக்குப் பழக்கமில்லை.

3

ஆய்வு என்றாலே எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்துவிடும். ஆண்டாய்வுக்கு ஒரு வாரம் முன்பே கேள்விகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான், அதிகாரிக்கும் தெரியும். அந்த ஒரு வாரம் பிள்ளைகள் வராந்தாவில் “உன் கேள்வி எது? என் கேள்வி வட்டம்” என்று பேசிக்கொண்டு திரிவார்கள்.

ஒரு வருடம் வந்த அதிகாரி, நான் “எழிலரசி, எழுந்திரு” என்று சொல்வதற்குள் தானே கடைசிப் பெஞ்சுக்குப் போய், பெருமுக்கல்லிலிருந்து வரும் ஒரு பெண்ணை எழுப்பி, சாய்சதுரம் என்றால் என்ன என்று கேட்டுவிட்டார். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

“அது என் கேள்வி இல்லைங்க சார். அது எழிலரசி கேள்வி. என்னுது விட்டம், ஆரம்.”

எனக்கு உயிரே போய்விட்டது. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் டீச்சராக இருந்தவர்தானே. “சரிம்மா, எழிலரசி கேள்விய நீ வாங்கக் கூடாதா? ரெண்டு பேரும் பங்காளிங்களா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, சாய்சதுரத்துக்கு அவளாகவே ஒரு பதில் சொன்னாள். பாதி சரி.

அந்த நாளில் என்னோடு வேலை பார்த்த விக்டோரியா இப்போது தலைமையாசிரியை. மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து போன் செய்வாள். நவம்பர் அறிக்கையைச் சொன்னதும் பொங்கிவிட்டாள்.

“இன்னா செலினு, பத்து வருஷம் சர்வீஸ் போட்ட டீச்சருக்குக் கேக்கத் தெரியலியா? உட்டுத் தள்ளு. மார்ச்சுல வராங்கன்னா நம்ம ஃபார்முலாதான். ஆளுக்கு ஒண்ணு பிரிச்சுக் குடுத்துடு.”

“இங்க அதெல்லாம் செல்லாதுடி. புள்ளைங்களே அதிகாரிகிட்ட நேரா சொல்லிடும்.”

“நம்ம புள்ள மட்டும் இன்னா பண்ணுச்சு? அதுவும் நேராத்தான சொல்லுச்சு” என்று சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “இங்க மட்டும் இன்னா வாழுது. புதுசு புதுசா டிரைனிங் குடுக்கறாங்க. கேள்வி எப்படிக் கேக்கறதுன்னு ரெண்டு நாள் கிளாஸ் எடுத்தாங்க. ரெண்டு நாளும் எங்கள ஒரு கேள்வி கேக்க உடல.”

போனை வைத்த பிறகு அவள் சொன்னதை நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? எந்தக் கேள்வியை எந்தப் பிள்ளைக்குத் தரலாம் என்று மனதுக்குள் பிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன். பயம் மனிதரை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது.

4

எனக்கு வழிகாட்ட இசபெல் என்ற கணக்கு ஆசிரியையை நியமித்தார்கள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். என் வகுப்பின் கடைசியில் வந்து உட்கார்ந்து பார்த்தாள். பிறகு காப்பி எந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, மிகவும் மரியாதையாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“முதலில் பெயரைச் சொல்கிறீர்கள், பிறகு கேள்வி கேட்கிறீர்கள். பெயரைக் கேட்டதும் மற்ற எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுகிறார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், எல்லோரும் யோசித்த பிறகு பெயரைச் சொல்லுங்கள்.”

சரிதான். இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

“தப்பாகப் பதில் வந்தால் உடனே அடுத்த பிள்ளையிடம் போகிறீர்கள். அந்தப் பிள்ளை எந்த வழியாக அந்தத் தப்புக்குப் போனது என்று கேளுங்கள். பாடம் அங்கேதான் இருக்கிறது.”

“கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா நிற்பது?”

“உங்களுக்குச் சங்கடமாகும் வரை. அப்புறம் இன்னும் கொஞ்சம்.”

சும்மா நிற்பதுதான் எனக்கு வராத கலை. வகுப்பில் சத்தம் நின்றால் தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார் என்ற பயத்திலேயே வேலை பார்த்தவள் நான். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஒரு “அருள் நிறைந்த மரியே” ஜெபம் முழுவதுமாகச் சொல்வது. ஆமென் வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது. மாதா மன்னிப்பாள்.

வீட்டில் சமையலறை மேசையில் நிவேதாவை மாணவியாக உட்காரவைத்துப் பழகினேன். அவளுக்கு இப்போது பதின்மூன்று முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் எல்லாம் புரியும், பேசும்போது பாதியில் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். பிறகு அதுவும் நின்றுவிடும். ஒவ்வொரு பருவத்திலும் அவள் மதிப்பெண் அறிக்கையில் ஒரே வரிதான் வரும்: நன்றாக எழுதுகிறாள், வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. வீட்டிலும் அப்படித்தான். சாப்டியா என்றால் ம். படிச்சியா என்றால் ம். கிளாஸ்ல பேசினியா என்றாலும் ம். எப்போதிருந்து இப்படி ஆனாள் என்று நானும் ஞானமும் அடிக்கடி பேசிக்கொள்வோம், அவள் இல்லாதபோது.

ஆச்சரியம், இந்த விளையாட்டுக்கு மட்டும் அவள் சம்மதித்தாள். ஒரு டீச்சரைத் திருத்துவதில் எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது?

“சதுரத்தோட பக்கம் ரெண்டு மடங்கானா பரப்பளவு இன்னா ஆகும்?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் மாதாவை அழைத்தபடி நின்றேன்.

“ரெண்டு... இல்ல. நாலு” என்றாள். “பாரு, ரெண்டுன்னு ஆரம்பிச்ச உடனே நீ புருவத்தத் தூக்கிட்ட. நான் மாத்திக்கினேன். உன் மூஞ்சே பதில் சொல்லுதும்மா.”

“வாயத் தொறக்கவே இல்லியே நானு.”

“எதுக்குத் தொறக்கணும்? எப்பவுமே பதில கையில வெச்சிக்கினுதான் கேக்கற. தட்டு காலியா கெடக்குது, அதப் பாத்துக்கினே சாப்டியான்னு கேப்ப. ம்முன்னு சொல்லாம வேற இன்னா சொல்றது?”

அதைக் கேலியாகத்தான் சொன்னாள். குளிர்காலம் முழுக்கப் புருவத்தைப் பழக்கினோம். இந்த வயதில் முகத்துக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும் என்று யார் நினைத்தது?

5

மார்ச்சில் அதிகாரி வந்தார். நவம்பரில் வந்த அதே பெண்மணி, அதே கறுப்புக் கைப்பை. கடைசி மேசையில் உட்கார்ந்தார். நான் யாருக்கும் எந்தக் கேள்வியையும் பிரித்துக் கொடுத்திருக்கவில்லை. இசபெல் காட்டிய வழிக்காக இல்லை. பெருமுக்கல் பெண்ணை நினைத்தால் இன்னும் உயிர் போகிறது.

“இரண்டு நிலம். இரண்டையும் சுற்றி வேலி போட ஒரே அளவு கம்பிதான் பிடிக்கிறது. இரண்டிலும் ஒரே அளவு விளையுமா? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?”

கேட்டுவிட்டு நின்றேன். ஒரு முழு ஜெபம் முடிந்தது. யாரும் பேசவில்லை. அதிகாரியின் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பதிலைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. இரண்டாவது ஜெபத்தின் பாதியில், வருடம் முழுக்க ஒரு வார்த்தை பேசியிராத அமினாத்தா கையைத் தூக்கினாள்.

“ஒரே அளவுதான் விளையும். வேலி ஒன்றுதானே.”

தப்பு. நான் தலையை ஆட்டவில்லை. புருவத்தை அசைக்கவில்லை. “எப்படி அந்த முடிவுக்கு வந்தாய்?” என்று மட்டும் கேட்டேன். அவள் கைகளால் காற்றில் ஒரு வட்டம் போட்டு விளக்கினாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருவன், “நிலத்தை நசுக்கிவிட்டால்? ஒரு பூனைகூடப் போக முடியாத அளவுக்கு நசுக்கினால்?” என்றான். நிலத்தை எப்படி நசுக்குவாய் என்று இன்னொருத்தி பாய்ந்தாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் அமினாத்தாவே எழுந்து வந்து, பலகையில் நீண்டு ஒடுங்கிய ஒரு பட்டையை வரைந்து, அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “இதற்குள் ஒன்றும் விளையாது. நான் சொன்னது தப்பு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கமே இல்லை.

எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துப் பிரித்து, ஏர் திருப்பக்கூட இடமில்லாமல் ரிப்பன் போலக் கிடக்கும் வேர்க்கடலை நிலங்கள், எங்கள் மல்லாட்டைக் கொல்லைகள், எனக்கு ஞாபகம் வந்தன. அதை அவர்களுக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. அவ்வளவு பிரெஞ்சு என்னிடம் இல்லை. விட்டுவிட்டேன்.

அறிக்கை நன்றாக வந்தது. அடுத்த வருடமும் இவரை எடுக்கலாம் என்று பரிந்துரை. ஞானம் அன்று பிரியாணி செய்தார். விக்டோரியா போனில் “நம்ம திண்டிவனம் மானத்தக் காப்பாத்திட்டடி” என்று கத்தினாள். நான் அன்று நன்றாகத் தூங்கினேன்.

6

ஜூனில், ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் கல்வி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. செப்டம்பர் முதல் முழு வருடத்துக்கும் ஓர் இடம் இருக்கிறதாம். நிவேதா படிக்கும் பள்ளி. இப்போதைக்கு வேறு இடம் இல்லை, வேண்டாம் என்றால் பெயர் காத்திருப்போர் பட்டியலில் கடைசிக்குப் போகும், நாளைக் காலைக்குள் சொல்லுங்கள் என்றார்கள்.

“ஜல்தி சரின்னு சொல்லு” என்றார் ஞானம். “நடந்தே போய்க்கினு வரலாம். ரயிலு பேஜாரு இல்ல. அவ பேசறாளா இல்லியான்னு நீயே பாத்துக்கலாம். இதுக்கு மேல இன்னா வேணும்?”

எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனாலும் சாப்பிட்ட பிறகு நிவேதாவின் எதிரில் உட்கார்ந்தேன்.

“அடுத்த வருஷம் உன் ஸ்கூலுக்கு என்னப் போடறாங்க. நான் வரட்டுமா?”

கேட்ட பிறகுதான் கவனித்தேன், இதற்குப் பதில் என் கையில் இல்லை. வாம்மா என்று சொல்லுவாள் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது. புருவத்தை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஜெபம் எத்தனை முடிந்தது என்று எண்ணவில்லை. அவள் மேசையில் இருந்த பருக்கை ஒன்றை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

“வேணாம்மா.”

“ஏன்?” என்று கேட்டேன். மறுபடியும் காத்திருந்தேன்.

“உன் தமிழு, உன் பிரெஞ்சு, அதெல்லாம் இல்லம்மா. கிளாஸ்ல அவங்க சிரிச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல.” நிறுத்தினாள். “வீட்ல நான் இன்னான்னு உனக்கும் அப்பாவுக்கும் தெரியும். சர்ச்சுல எல்லாருக்கும் தெரியும், ஞானம் பொண்ணு, செலின் பொண்ணு. ஸ்கூல்ல மட்டும்தான் யாருக்கும் தெரியாது. எனக்கே இன்னும் தெரியல. கொஞ்ச நாளு அப்படியே இருக்கட்டும்மா. அப்புறமா பேசறேன்.”

இவ்வளவு நீளமாக, பிரெஞ்சுக்குப் போகாமல், அவள் என்னிடம் பேசியதே இல்லை. எனக்கு வலித்தது. அதே சமயம் அவளை அப்படியே தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் வெளியே காட்டாமல், “சரி” என்றேன்.

ஞானத்துக்குக் கோபம். “புள்ளகிட்ட போய் இதெல்லாம் கேப்பாங்களா? சொல்றதுதான?”

“கேட்டுட்டேன். பதில் எனக்குப் பிடிக்கலன்னு இப்ப கேக்காத மாதிரி இருக்க முடியுமா?”

அவர் என் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டார்.

காலையில் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பள்ளி மட்டும் வேண்டாம், எவ்வளவு தூரமானாலும் வேறு எங்கேயாவது போகிறேன் என்றேன். அந்தப் பக்கம் இருந்த பெண், “ஏன் மதாம்?” என்று கேட்டாள். நான் வார்த்தைகளைத் தேடிக் கோத்து, “என் மகள்...” என்று தொடங்குவதற்குள், “சரி, மறுத்துவிட்டார் என்று பதிந்துவிட்டேன், நன்றி” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.